பழைய கணிப்பொறியும் அது காட்டிய எதிர்காலமும்

பூதப்பாண்டி மாணவர் சட்டைப்பையிற் கொண்டு திரியும் கைபேசியை நோக்குங்காலெல்லாம், அந்நாளைய பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1960-ஆம் ஆண்டு முறைப்படி இயங்கத் தொடங்கிய 'டிஃப்ராக்' என்னுங் கணிப்பொறி நம் ஞாபகத்திற்கு வருகின்றது. ஆர். நரசிம்மன் முதலானோர் இத்தேசத்திலேயே சமைத்த அதற்குப் பண்டித நேரு 1962-இல் பெயர் சூட்டினார். அதன் இரும்புச் சட்டகம் 18 அடி நீளமும் 8 அடி உயரமும் உடையது. உள்ளே ஏறக்குறைய 2,700 வெற்றிடக் குழல்கள். விளக்கைப்போலச் சூடேறியே வேலை செய்வன ஆதலின், இத்தகைய குழல்கள் எளிதிற் பழுதுபடும். அதன் நினைவோ, கம்பிகளிற் கோத்த சிறு காந்த வளையங்களில் தங்கிற்று. வளையம் ஒரு திசையிற் காந்தமேறின் ஒன்று. எதிர்த்திசையில் ஏறின் பூச்சியம்.

இத்தகைய பொறிகளைக் கண்டோர், அவை மேன்மேலும் பருத்து நம்மை ஆளும் என்றே கனாக் கண்டனர். 1955-இல் ஐசக் அசிமோவ் வெளியிட்ட கதையொன்றில், அரை மைல் நீளப் பொறி 2008-ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலுக்கு ஒரே ஒருவரைத் தெரிந்து, அவரை வினவியே முடிவு கூறிவிடுகின்றது! நடந்தது வேறு. நம் தேசத்திற் சிறிய வாக்குப்பதிவு யந்திரம் 1982-இல் அண்டையிலுள்ள கேரளத்துப் பரவூரிற் பரீட்சிக்கப்பட்டு, 2004 மக்களவைத் தேர்தலில் எங்கும் பரவிற்று. பேசும் நாயாகிய ஜீனோவைக் கற்பித்த எழுத்தாளர் சுஜாதா, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் அவ்வியந்திர ஆக்கத்திலும் பங்குகொண்டார். அது எவருக்காகவும் தீர்மானியாது, அமுக்கியவர் வாக்கை எண்ணி, ஒரு கூவலோடு ஓய்ந்துவிடுகின்றது. அவ்வடக்கம் நமக்கு மிகவும் உவப்பாயிருக்கின்றது.