அடித்தவன் யார்? தண்டனை யாருக்கு?

பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வரும் பிள்ளைக்கு நம் வீடுகளில் இரண்டு விதமான உபதேசம் கிடைக்கிறது. "அவன் ஒன்று கொடுத்தால் நீ இரண்டாகத் திருப்பிக் கொடு" என்பார் தகப்பனார். "நமக்கு வம்பு வேண்டாம்; பொறுத்துக்கொண்டு ஒதுங்கிப் போய்விடு" என்பாள் பாட்டி. உபதேசம் செய்துவிட்டு இருவரும் தத்தம் காரியத்தைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். மறு நாள் காலையில் அந்தப் போக்கிரியின் முன்னால் போய் நிற்க வேண்டியது குழந்தை ஒன்றுதான்.

இவ்விரண்டு உபதேசங்களில் எது சரியானது? ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே வருஷத்தில், இரண்டும் பரீட்சிக்கப்பட்ட சம்பவம் சரித்திரத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் தென் பகுதியில், ஆர்கன்சாஸ் ராஜ்யத்தின் தலைநகரமாகிய லிட்டில் ராக்கில், ஸென்ட்ரல் ஹைஸ்கூலில் 1957-58ஆம் வருஷத்தில் நடந்தது அது. பிள்ளைகளைப் பெற்றவர்களும் பொது வாழ்வில் ஈடுபட்டவர்களும் அதை அறிந்திருப்பது அவசியம்.

வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கறுப்பு இனத்தாருக்கு வேறு பள்ளி என்று பிரித்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1954ஆம் வருஷம் மே மாதம் 17ஆம் தேதி அமெரிக்க ஸுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின்படி, சுமார் இரண்டாயிரம் வெள்ளைப் பிள்ளைகள் படித்த அந்த ஹைஸ்கூலில் ஒன்பது கறுப்புக் குழந்தைகளைச் சேர்ப்பதென்று 1957இல் முடிவாயிற்று. ராஜ்யத்தின் கவர்னராயிருந்த ஆர்வல் ஃபாபஸ் என்ன செய்தார்? பிள்ளைகளைத் தடுத்து நிறுத்தப் பட்டாளத்தைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்!

செப்டம்பர் 4ஆம் தேதி ஒன்பது பேரும் சேர்ந்து போவதாக ஏற்பாடு. எலிஸபெத் எக்ஃபர்டு என்ற பதினைந்து வயதுப் பெண்ணின் வீட்டில் டெலிபோன் இல்லை. ஆகவே ஏற்பாடு மாறிய செய்தி அவளுக்கு எட்டவில்லை. புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தன்னந்தனியாக வந்தாள். சிப்பாய்கள் வழி மறித்தார்கள். பின்னால் நூற்றுக்கணக்கானவர்கள் கூச்சலிட்டு வசை பொழிந்துகொண்டு தொடர்ந்தார்கள். அவள் ஓடவில்லை, ஒரு வார்த்தை பேசவுமில்லை. பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்துபோய்ப் பெஞ்சியில் உட்கார்ந்தாள். அவ்வளவு பெரிய கும்பலில் வெள்ளைக்காரப் பத்திரிகை நிருபர் ஒருவரும் வெள்ளைக்கார மாது ஒருவரும்தான் அவள் பக்கத்தில் வந்து துணை நின்றார்கள். அன்று எடுத்த புகைப்படத்தை உலகம் முழுவதும் பார்த்தது. அமெரிக்கா வெட்கித் தலை குனிய நேரிட்டது.

செப்டம்பர் 24ஆம் தேதி ஜனாதிபதி ஐஸன்ஹோவர் மத்திய சர்க்காரின் பாராசூட் படையை அனுப்பினார். மறு நாள் சிப்பாய்களின் காவலில் ஒன்பது குழந்தைகளும் முன் வாசல் வழியாகவே பள்ளிக்குள் பிரவேசித்தார்கள். சட்டம் ஜெயித்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின.

ஆனால், குழந்தைகளின் யுத்தம் அன்றுதான் ஆரம்பமாயிற்று! சிப்பாய் வாசலைக் காக்கலாம். நடைவழியில் கூடவே வரலாம். வகுப்பறைக்குள்ளும் குளியலறைக்குள்ளும் அவன் வர முடியாது. படிக்கட்டில் பின்னாலிருந்து தள்ளுவது, குதிகாலில் உதைப்பது, முகத்தில் துப்புவது, புத்தகங்களைத் தட்டிவிடுவது எல்லாம் தினசரி வழக்கங்களாயின. செய்தவர்கள் ஒரு சிறு கூட்டத்தினரே. புகார் சொன்னால், பெரியவர் எவராவது கண்ணால் பார்த்துச் சாட்சி சொன்னாலொழிய நடவடிக்கை எடுக்க அதிகாரிகள் தயங்கினார்கள். உபாத்தியாயர் பார்க்கும்படி அடிக்கும் முட்டாள் போக்கிரி எந்தப் பள்ளியில் இருக்கிறான்?

திருப்பி அடிக்கக் கூடாது என்று குழந்தைகளுக்குக் கண்டிப்பான உத்தரவு இருந்தது. ஒருவர் கை ஓங்கினாலும் அதையே சாக்காக வைத்து ஒன்பது பேரையும் வெளியேற்றிவிடுவார்கள் என்பதைப் பெரியவர்கள் அறிந்திருந்தார்கள். மெல்பா பாட்டில்லோ என்ற பெண் மனம் உடைந்தபோது, காந்திஜியைப் பற்றிப் படித்துப் பார் என்று அவளுடைய பாட்டி புத்தி சொன்னாள். துன்புறுத்துகிறவனிடம் புன்னகையோடு வந்தனம் சொல்லி அவனைத் திகைக்க வைக்கத் தாம் கற்றுக்கொண்ட விதத்தை அந்த அம்மையார் பின்னாளில் தமது நினைவு நூலில் எழுதியிருக்கிறார். நம் தேசத்தில் சத்தியாக்கிரகிகள் தடியடியின் முன் கைக்கொண்ட ஆயுதம், கடல் கடந்து ஒரு பள்ளிச் சிறுமியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது!

இந்த ஒன்பது பேரில் மின்னிஜீன் பிரௌன் என்ற பதினாறு வயதுப் பெண்ணும் ஒருத்தி. சிரிப்பும் பாட்டுமாயிருந்தவள். டிசம்பர் 17ஆம் தேதி பகல் உணவு வேளையில் தட்டை ஏந்திக்கொண்டு மேஜைகளுக்கிடையே நடந்தாள். சில பையன்கள் நாற்காலிகளை நகர்த்தி அவள் வழியை அடைத்தார்கள். மாதக்கணக்காக அடங்கியிருந்தது அன்று அடங்கவில்லை. தட்டு சாய்ந்தது, அதிலிருந்த காரக் குழம்பு இரண்டு பையன்கள் மீது கொட்டிற்று. மண்டபம் ஒரு கணம் நிசப்தமாயிருந்தது. பிறகு, அங்கே சமையல் வேலை பார்த்து வந்த கறுப்பு இனத்து ஊழியர்கள் படபடவென்று கை தட்டினார்கள்.

மின்னிஜீன் ஆறு நாள் பள்ளியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டாள். இனிமேல் எதற்கும் பதில் செய்யக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில் ஜனவரியில் மறுபடியும் அனுமதிக்கப்பட்டாள். பழிக்குப் பழியாக அவள் மீது சூப்பைக் கொட்டினார்கள், பொறுத்துக்கொண்டாள். பிப்ரவரியில் ஒரு மாணவி கைப்பையால் தாக்கியபோது, மின்னிஜீன் கை ஓங்கவில்லை. இழிவான ஒரு வார்த்தையை மட்டும் திருப்பிச் சொன்னாள். அந்த வார்த்தைக்காக அவள் பள்ளியிலிருந்தே நீக்கப்பட்டாள்! "ஒன்று போயிற்று, எட்டு பாக்கி" என்று அச்சிட்ட சீட்டுகள் பள்ளியில் வலம் வந்தன.

மற்ற எட்டுப் பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வருஷத்தை முடித்தார்கள். அவர்களில் கடைசி வகுப்பில் படித்துவந்த எர்னஸ்ட் கிரீன் 1958ஆம் வருஷம் மே மாதம் 27ஆம் தேதி பட்டயம் பெற்றான். மற்ற மாணவர்களின் பெயரை அழைத்தபோது கரகோஷம் எழுந்தது. அவன் பெயரை அழைத்தபோது எங்கும் மௌனம். எனினும் அவன் மேடையேறித் தன் பட்டயத்தை வாங்கிக்கொண்டான். மார்ட்டின் லூதர் கிங் சபையில் உட்கார்ந்து அதைப் பார்த்தார்.

அப்படியானால் பாட்டியின் உபதேசம் ஜெயித்தது, தகப்பனாரின் உபதேசம் தோற்றது என்று சொல்லிவிடலாமா? சொல்ல முடியாது என்பதே நமது அபிப்பிராயம். எட்டுப் பேரின் பொறுமை, ஒதுங்கிப் போகும் பொறுமை அன்று. ஒதுங்க நினைத்திருந்தால் அவர்கள் பழைய பள்ளிக்கே போயிருக்கலாம். அடி விழும் என்று தெரிந்தும் தினம் தினம் அதே வாசலில் போய் நின்றார்களே, அது எதிர்ப்பு, சுத்தமான எதிர்ப்பு. பயத்தினால் பொறுப்பது அடிமைத்தனம். லட்சியத்துக்காகப் பொறுப்பது வீரம். மின்னிஜீனும் கோழையல்லள், குற்றவாளியுமல்லள். தானும் ஒரு மனுஷி என்பதை அவள் தட்டைச் சாய்த்துச் சொன்னாள், அவ்வளவே.

தைரியத்தில் குழந்தைகள் குறைந்துவிடவில்லை. குறைந்தவர்கள் பெரியவர்கள். நூறு முறை உதைத்தவனுக்குச் சாட்சி கேட்டார்கள். ஒரு முறை பதில் சொன்னவளுக்குத் தண்டனை விதித்தார்கள். 'இரு தரப்பையும் சமமாக நடத்துகிறோம்' என்று சொல்லிக்கொண்டு அடித்தவனையும் அடிபட்டவளையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமாகுமா? அது போக்கிரிக்குக் கொடுக்கும் அநுமதிச் சீட்டேயாகும். இரண்டாயிரம் பேர் படித்த பள்ளியில் துன்புறுத்தியவர்கள் சிலர். பரிவு காட்டியவர்களும் வெகு சிலர். மற்றவர்கள் வாய் மூடி வேடிக்கை பார்த்தார்கள். போக்கிரியின் பலம் அவன் முஷ்டியில் இல்லை; இந்த மௌனத்தில்தான் இருந்தது.

இது லிட்டில் ராக்குக்கு மட்டும் உரிய விஷயமல்ல. பின்லாந்து தேசத்து மனோதத்துவ அறிஞர் கிறிஸ்டினா ஸால்மிவல்லி 1996இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பள்ளிப் போக்கிரித்தனம் இருவருக்குள் நடக்கும் சண்டையன்று, வகுப்பு முழுவதும் பங்குகொள்ளும் காரியம் என்று எடுத்துக் காட்டினார். கூட நின்று உதவுகிறவன், சிரித்து உற்சாகப்படுத்துகிறவன், பாராததுபோல் இருக்கிறவன், அடிபடுகிறவனுக்குத் துணை வருகிறவன் என்று ஒவ்வொருவனுக்கும் அதில் ஒரு பாத்திரம் உண்டு. இந்த அடிப்படையில் வகுத்த திட்டத்தை 2009 முதல் அத்தேசத்துப் பள்ளிகளில் பரப்பினார்கள். பார்த்து நிற்கிறவனைத் துணை நிற்கிறவனாக மாற்றுவதே அதன் சாராம்சம்.

மின்னிஜீனுக்கு அந்தத் துணை வெளியூரில் கிடைத்தது. நியூயார்க்கில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதிகள் அவளைத் தங்கள் வீட்டில் வைத்துப் படிக்க உதவினார்கள். பிரிவினை குழந்தைகளின் மனத்தை எவ்வாறு ஊனப்படுத்துகிறது என்று அவர்கள் செய்த ஆராய்ச்சியும் 1954ஆம் வருஷத்துத் தீர்ப்பில் எடுத்தாளப்பட்டது. பள்ளியிலிருந்து துரத்தப்பட்ட அதே மின்னிஜீன் 1999இல் அமெரிக்க மத்திய சர்க்காரில் உயர்ந்த பதவியொன்றை வகித்தார். அதே வருஷத்தில் ஒன்பது பேருக்கும் அமெரிக்கக் காங்கிரஸின் தங்கப் பதக்கம் சூட்டப்பட்டது. நாற்பது வருஷம் கழித்துத் தேசம் தன் தவற்றை உணர்ந்தது. பள்ளிக்கூடத்துக் குழந்தை அத்தனை காலம் காத்திருக்க முடியுமா?

நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களிலும் ஜாதியைச் சொல்லியும், நிறத்தைச் சொல்லியும், ஏழ்மையைச் சொல்லியும் ஒரு குழந்தையை மூலையில் ஒடுக்கும் கொடுமை நடந்துகொண்டுதான் இருக்கிறது. மேடையில் சமத்துவம் பேசும் நண்பர்களே, இன்று மாலை உங்கள் குழந்தை வீடு திரும்பியதும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். "உன்னை யாராவது அடிக்கிறார்களா?" என்பது முதற் கேள்வி. அதைவிட முக்கியமானது இரண்டாவது: "உன் வகுப்பில் யாராவது அடிபடும்போது நீ எங்கே நிற்கிறாய்?"

குழந்தையிடம் பதிலைக் கேட்ட பிறகு, அதே கேள்வியை நம்மையும் ஒரு முறை கேட்டுக்கொள்வோமாக.