போப் அனுப்பிய கல்லும் கத்தோலிக்க ஓட்டும்

அமெரிக்கத் தலைநகரில் 555 அடி உயரத்துக்கு நிற்கிறது ஜார்ஜ் வாஷிங்டன் நினைவுத் தூண். அண்ணாந்து பார்த்தால், சுமார் 150 அடிக்கு மேல் பளிங்கின் சாயல் மாறுவது வெறும் கண்ணுக்கே தெரியும். 1850-களில் நின்றுபோன வேலை 1879-இல்தான் மறுபடி தொடங்கியது. மேல்பகுதிக்கு வந்தது வேறு படிவத்துப் பளிங்கு. வைத்த புதிதில் நிறம் ஒத்துத்தான் இருந்தது. வெயிலிலும் மழையிலும் ஆண்டுகள் போகப்போக, கீழ்க்கல் ஒரு விதமாகவும் மேல்கல் வேறு விதமாகவும் நிறம் மாறிவிட்டன.

வேலை நின்றதற்குப் பணமுடைதான் முதல் காரணம். அந்த முடையை முற்ற வைத்ததில் ஒரு கல்லுக்கும் பங்குண்டு. தூணின் உட்சுவரில் பதிக்கப் பல ஊர்களும் நாடுகளும் நினைவுக்கற்கள் அனுப்பின. போப் ஒன்பதாம் பத்திநாதரும் ரோமாபுரியின் பழைய கோயில் ஒன்றிலிருந்து பளிங்குக்கல் ஒன்றை அனுப்பினார். 1854 மார்ச் மாதத்தில் ஓர் இரவு, சிலர் வந்து காவலாளியை அவருடைய கொட்டகைக்குள்ளேயே அடைத்துவிட்டு அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உடைத்துப் போட்டோமாக் ஆற்றில் எறிந்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. சந்தேகம் ‘நோ நத்திங்’ கட்சிக்காரர்கள் மேல் விழுந்தது. கத்தோலிக்கரையும் வந்தேறிகளையும் அடியோடு வெறுத்த கூட்டம் அது. அடுத்த ஆண்டு தூண் கட்டும் சங்கத்தையே அவர்கள் கைப்பற்றினார்கள். நாடாளுமன்றம் தருவதாக இருந்த பணம் கைவிட்டுப் போனது; நன்கொடையும் வற்றியது.

ஒரு கல்லுக்கு ஏன் இவ்வளவு கோபம்? நாடு பிறந்தபோது அங்கே கத்தோலிக்கர் நூற்றுக்கு ஒருவர் இருந்தால் அதிகம். 1840-களில் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பிய அயர்லாந்துக்காரர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். பஞ்சத்துக்கு முன்பே பொறி பற்றியிருந்தது. அரசுப் பள்ளிகளில் எந்த மொழிபெயர்ப்பு பைபிளை வாசிப்பது என்ற தகராறு முற்றி, 1844-இல் ஃபிலடெல்ஃபியாவில் கலவரமாக வெடித்தது. பலர் செத்தார்கள், கத்தோலிக்கக் கோயில்கள் எரிந்தன. போப் சொல்கிற பக்கம் இவர்கள் மொத்தமாக ஓட்டைப் போடுவார்கள், குடியரசு ரோமாபுரியின் கைக்குப் போய்விடும் என்பது புராட்டஸ்டன்ட் பெரும்பான்மையின் உண்மையான பயம்.

அந்தப் பயம் எளிதில் போகவில்லை. பெரிய கட்சியொன்றின் சார்பில் ஜனாதிபதி தேர்தலில் நின்ற முதல் கத்தோலிக்கர், நியூயார்க் ஆளுநர் ஆல் ஸ்மித். 1928-இல் அவருக்கு எதிராகச் சுற்றிய புரளிகளில் ஒன்றைக் கேட்டால் இன்று சிரிப்பு வரும்: ஹட்சன் ஆற்றுக்கு அடியில் அப்போதுதான் திறந்திருந்த ஹாலண்ட் சுரங்கப்பாதை, ஸ்மித் ஜெயித்தால் வாடிகன்வரை நீளுமாம்! எதிர்த்து நின்ற ஹூவரிடம் அவர் தோற்றார். நாடு செழிப்பாக இருந்த நேரம். அவர் இடத்தில் எந்த மதத்துக்காரர் நின்றிருந்தாலும் அன்று தோற்றிருப்பார் என்பதே என் கணிப்பு.

1960 செப்டம்பரில் கத்தோலிக்க வேட்பாளர் ஜான் கென்னடி ஹூஸ்டனில் புராட்டஸ்டன்ட் போதகர்கள் முன்னால் நின்று, பொது விஷயங்களில் தன் திருச்சபைக்காகத் தான் பேசுவதில்லை, திருச்சபையும் தனக்காகப் பேசுவதில்லை என்று அறிவித்தார். நவம்பரில் வென்றார், வித்தியாசம் ஒரு லட்சத்துச் சொச்சம் ஓட்டுதான். காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பின்படி கத்தோலிக்கர்களில் 78 சதவீதம் பேர் அவர் பக்கம். ஒட்டுமொத்த ஓட்டு என்று எல்லோரும் பயந்தது உண்மையாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் அதைத் திரட்டியதில் ரோமாபுரியைவிட அவமானத்துக்கே பங்கு அதிகம் என்பேன். ‘நம்மாளை விடமாட்டார்களா, பார்த்துவிடுவோம்’ என்ற ரோஷம் அது. வெள்ளை மாளிகைக்குள் ஒருவர் போனதும் ரோஷத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. 2004-இல் இன்னொரு கத்தோலிக்கர், ஜான் கெர்ரி, நின்றார். மெதடிஸ்டான புஷ்ஷுக்குத்தான் கத்தோலிக்க ஓட்டு கூடுதலாக விழுந்தது. போதாக்குறைக்கு, கெர்ரி வந்தால் நற்கருணை கொடுக்க மாட்டேன் என்று செயின்ட் லூயிஸ் பேராயர் சொல்லியிருந்தார். கருக்கலைப்பு உரிமையை கெர்ரி ஆதரித்ததே காரணம்.

கட்சிகளோ இரண்டு. திருச்சபையின் போதனை அந்த இரண்டில் எதற்குள்ளும் முழுசாக அடங்காது. கருக்கலைப்பு கூடாது என்கிறது. அதில் குடியரசுக் கட்சிக்குக் கொண்டாட்டம். மரண தண்டனையை ஏற்க முடியாது என்று 2018-இல் மறைக்கல்வி ஏட்டையே திருத்தியது. அகதியை வரவேற்கச் சொல்கிறது. தொழிலாளர் சங்கம் சேரும் உரிமையை 1891 முதல் ஆதரிக்கிறது. இவையெல்லாம் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியின் பக்கம். சிகாகோ கர்தினால் ஜோசஃப் பெர்னார்டின் 1983-இல் இதை இயேசுவின் தையலற்ற அங்கி என்றார்: கருவிலிருந்து கல்லறைவரை உயிரைக் காப்பது ஒரே நெறி, வேண்டிய துண்டைக் கிழித்துக்கொள்ள முடியாது. அரசியல்வாதிகள் கிழித்தார்கள், ஆயர்களிலும் சிலர் ஒரு துண்டை மட்டும் உயர்த்திப் பிடித்தார்கள்.

சண்டை இப்படித் திருச்சபைக்கு உள்ளேயே குடிபுகுந்தது. 2022-இல் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்தபோது ஒன்பது நீதிபதிகளில் ஆறு பேர் கத்தோலிக்கர். அவர்களில் சோனியா சோட்டோமேயர் மாறுபட்ட தீர்ப்பில் கையெழுத்திட்டார். 2019-இல் கத்தோலிக்கத்துக்கு மாறிய துணை ஜனாதிபதி ஜே.டி. வான்ஸ், முதலில் குடும்பம், பிறகு அண்டை அயல், பிறகு நாடு, மற்றவரெல்லாம் அப்புறம் என்று 2025 ஜனவரியில் பழைய இறையியல் கருத்தொன்றைக் காட்டிக் குடியேற்றக் கொள்கைக்கு வாதாடினார். அடுத்த மாதமே போப் பிரான்சிஸ் அமெரிக்க ஆயர்களுக்குக் கடிதம் எழுதினார்: அன்பின் சரியான ஒழுங்கை அறிய நல்ல சமாரியன் உவமையைத் தியானியுங்கள் என்று.

அதே ஆண்டு மே மாதம் சிகாகோவில் பிறந்த ஒருவரே போப் பதினான்காம் லியோ ஆனார். செப்டம்பரில் ஒரு வழக்கு அவர் வாசலுக்கு வந்தது. குடியேறிகளுக்காக உழைத்த இல்லினாய் செனட்டர் டிக் டர்பினுக்கு விருது கொடுக்க சிகாகோ கர்தினால் கூபிச் முடிவு செய்திருந்தார். டர்பின் கருக்கலைப்பு உரிமையின் ஆதரவாளர். அவருடைய சொந்த மறைமாவட்டமான ஸ்பிரிங்ஃபீல்டின் ஆயர் கடுமையாக எதிர்த்தார். நிருபர்கள் போப்பிடமே கேட்டார்கள். செனட்டரின் மொத்தப் பணியையும் பார்க்கவேண்டும் என்றார் அவர். கருக்கலைப்பு வேண்டாம், மரண தண்டனை சரி என்பவர் உண்மையில் உயிரை ஆதரிப்பவர் அல்ல என்றார். அமெரிக்காவில் குடியேறிகள் மனிதத்தன்மையற்று நடத்தப்படுவதை ஒப்புக்கொள்பவரையும் அப்படிச் சொல்ல முடியுமா என்று கேட்டார். டர்பின் அதே நாளில் விருது வேண்டாமென்று ஒதுங்கிக்கொண்டார். தங்கள் ஆட்சியில் குடியேறிகள் அப்படி நடத்தப்படவே இல்லை என்று மறுநாள் வெள்ளை மாளிகையின் செய்திச் செயலர் கரோலின் லீவிட் போப்பை மறுத்தார். அவரும் கத்தோலிக்கர்தான்.