சேன் பியேர்ப் பட்டினத்து ஆவணங்களும் தமிழ்ப் பெயராய்வும்

நகரம் அழியினும் எழுத்து நின்று அதனைக் காட்டும் என்பதை அரியலூர் மாவட்டத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. முதலாம் இராசேந்திரன் தலைநகராய் விளங்கிய கங்கைகொண்டசோழபுரத்தில் இன்று காணப்படுவன பெருங்கோயிலும், மாளிகைமேட்டில் அகழ்ந்து கண்ட செங்கற்கட்டடப் பகுதிகளும் போல்வன சிலவே. கோயில் மதிற்கற்களும் 1836-ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டுதற்பொருட்டுப் பெயர்த்துச் செல்லப்பட்டன. எனினும் கல்வெட்டும் செப்பேடும் இலக்கியமும் துணையாக அந்நகரின் அமைப்பை அறிஞர் ஆராய்ந்துள்ளனர். இம்முறையைக் கடல்கடந்த பட்டினம் ஒன்றற்கும் பொருத்திக் காணலாம். அப்பட்டினம் கரீபியன் கடலில் மார்த்தினிக் தீவின் மேல்கரையிலுள்ள சேன் பியேர். அதனைத் தமிழாராய்ச்சியில் ஏன் எடுத்துப் பேசவேண்டும் என்பது போகப்போக விளங்கும்.

பட்டினத்தின் வரலாறு

சேன் பியேர் 1635-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரால் நிறுவப்பெற்றது. மூடிய துறைமுகம் அதற்கு இல்லை. திறந்த கடலில் கரையை ஒட்டியே கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன. ஆட்சித் தலைமை போர்-து-பிரான்சு நகரில் இருந்ததாயினும், சர்க்கரையும் கரும்புச் சாராயமும் ஏற்றுமதியான இப்பட்டினமே வாணிகத் தலைமை பெற்றது. 1848-இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்ட முதலாளிகள் வேலையாட்களை வேறிடத்தில் தேடலாயினர். புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர் அனுப்பப்பெற்றமைக்கு இதுவே காரணம். 1853-ஆம் ஆண்டு மே மாதம் ‘ஒரேலி’ என்னும் கப்பல் முதற்குழுவினரைச் சேன் பியேரில் இறக்கியது. அடுத்த ஆண்டு இறுதியில் அதே கப்பல் குவாதலூப் தீவுக்கும் ஆட்களைக் கொண்டு சென்றது. 1880-களின் இடைப்பகுதிவரை மார்த்தினிக்கை அடைந்த இந்தியர் ஏறத்தாழ 25,000 பேர். அவருள் தமிழரே மிகப் பலர்.

1902-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள் காலை பெலே எரிமலை வெடித்தது. சில நிமிடங்களில் பட்டினம் முழுவதும் எரிந்தது. ஏறத்தாழ 28,000 மக்கள் மாண்டனர். துறையில் நின்ற கப்பல்களும் பெரும்பாலும் அழிந்தன.

மூவகைச் சான்றுகள்

இப்பட்டினத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சான்றுகள் நிலப்படம், நிழற்படம், பதிவேடு என மூவகைப்படும்.

நிலப்படங்கள் ஆள்வோர் தேவைக்கு வரையப்பட்டவை. கோட்டைப் பகுதியும் நங்கூரத்துறைப் பகுதியும், இரண்டற்கும் இடையே ஓடும் ரொக்சலான் ஆறும் அவற்றில் தெளிவாகத் தோன்றும். 1770-ஆம் ஆண்டின் மொரோ து தாம்ப்ளின் பெரும்படம் தீவிலுள்ள கரும்புத் தோட்டங்களையும் காட்டுகிறது. இது தமிழர் அங்குச் செல்லுமுன் எழுந்தது. ஆயினும், அவர் பின்னர் உழைத்த தோட்டநிலங்களின் கிடக்கையை அறிதற்கு இஃது உதவும்.

நிழற்படங்களுள் மிகப்பல அழிவுக்குப் பிற்பட்டவை. வெடிப்பை ஆராயச் சென்ற அல்பிரெத் லக்ருவா 1904-இல் வெளியிட்ட பெருநூலில் சாம்பல் மூடிய தெருக்களைக் காணலாம். அழிவுக்கு முற்பட்ட படங்களும் அஞ்சலட்டைகளும் கடைத்தெரு, நாடக அரங்கு, பீப்பாய்கள் நிறைந்த கடற்கரை ஆகியவற்றைக் காட்டுவன. தீவின் அஞ்சலட்டைகளில் இந்தியத் தொழிலாளர் தோன்றுமிடத்து அவர்க்குப் பெயர் இல்லை. இனப்பெயர் ஒன்றே படத்தின்கீழ் நிற்கும்.

பெயர் சொல்லுவது பதிவேடு. குடியேறியோர் பதிவேட்டில் ஒருவர் பெயர், பெற்றோர் பெயர், வயது, பிறந்த ஊர், வந்த கப்பல் முதலியன குறிக்கப்படும். பட்டினம் எரிந்தபின் எழுத்து எவ்வாறு எஞ்சியது எனின், 1776-ஆம் ஆண்டின் அரசாணை அதற்கு விடையாம். குடியேற்ற நாடுகளின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளுக்குக் கூடுதற் படியெடுத்துப் பிரான்சுக்கு அனுப்புதல் வேண்டும் என அவ்வாணை விதித்தது. அப்படிகள் இன்று எக்ஸ்-ஆன்-ப்ரொவான்சு நகரத்துக் கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஓலை அழியுமுன் பெயர்த்தெழுதி வைத்த நம் முன்னோர் செயலோடு இதனை ஒப்பிடலாம்.

பெயர்களின் ஒலி

இனித் தமிழறிஞர்க்கு உரிய பணி யாது என்பதைக் காண்போம். பிரெஞ்சுத் தீவுகளில் இன்றும் வழங்கும் தமிழ்க் குடும்பப்பெயர்கள் சிலவற்றைப் பிரெஞ்சு ஒலிப்பின்படி தருவோம்: வீரப்பன் ‘விராப்பேன்’ எனவும், நாகப்பன் ‘நாகாப்பேன்’ எனவும், சாமிநாதன் ‘சாமினாதேன்’ எனவும், சிதம்பரம் ‘சிதாம்பரோம்’ எனவும் நிற்கும். மாரியம்மன் என்னும் தெய்வப்பெயரும் அங்கு ‘மாலியெமேன்’ ஆயிற்று. மதுரைவீரன் ‘மல்தெவிலேன்’ ஆயினான்.

இவற்றைச் சிதைவு என ஒதுக்குதல் பொருந்தாது. -அன் ஈறு ஏகாரச் சாயலுடைய மூக்கொலியாகவும், -அம் ஈறு ஓகாரச் சாயலாகவும் வருதலில் ஓர் ஒழுங்கு காணப்படுகிறது. ‘அவன்’, ‘மரம்’ என்பனவற்றை நம் நாட்டார் பேச்சில் ஒலிக்குமாற்றைச் செவிகொடுத்துக் கேட்பார்க்கு இவ்வொழுங்கின் காரணம் புலனாகும். எழுத்துத் தமிழின் ஈறு பேச்சில் அவ்வாறே மூக்கொலியாய்த் திரிகின்றது. புதுச்சேரி ஆவணங்களிலோ னகர மகர மெய்கள் கெடாதிருத்தற்பொருட்டு ஈற்றில் ஒலியா எழுத்து ஒன்று சேர்த்தெழுதும் மரபு உண்டு. தீவுகளின் எழுத்துமுறை அம்மரபினின்றும் வேறுபடுதலின், எழுத்தர் தாம் கேட்டவாறே எழுதினர் எனக் கொள்ளுதல் தகும். ஆகவே இப்பெயர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு உழவர்தம் பேச்சொலிக்குச் சான்றாகின்றன.

மற்றொன்றும் கருதத்தக்கது. முத்துசாமி, இராமசாமி என்னும் பெயர்களில் சகரத்துக்குரிய பிரெஞ்சு எழுத்து இரட்டித்து வரும். அஃது ஒற்று மிகுதலைக் குறிப்பதன்று. உயிரிடையில் ஒற்றையாக நிற்பின் அவ்வெழுத்தின் ஒலி மாறிவிடும் ஆதலின் இரட்டித்தனர். இதனை அறியாதார் ‘முத்துச்சாமி’ எனப் பெயர்த்தெழுத நேரும்.

ஊர்ப்பெயரும் உரிமையும்

பெயரினும் அரிது ஊரை அறிதல். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் அக்காலத்தில் இல்லை. முன்னது 1995-இலும், பின்னது 2001-இலும் அமைந்தன. மீண்டும் இணைக்கப்பெற்ற அரியலூர் 2007-இல் தனி மாவட்டமாயிற்று. 19-ஆம் நூற்றாண்டில் பெரம்பலூர், உடையார்பாளையம் வட்டங்கள் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துள் அடங்கியிருந்தன. ஆகலின் இப்பகுதியிலிருந்து சென்றார் எவரேனும் உளரேல், திருச்சிராப்பள்ளி என்னும் பெயரின்கீழ்த் தேடுதலே முறை. நல்லூர், புதூர் என்பன போல ஒரே பெயருடைய ஊர்கள் பலவாதலின், வட்டப்பெயரும் தந்தைபெயரும் ஒத்துவரினன்றி முடிவு கூறலாகாது. வாலிகண்டபுரம், செந்துறை, திருமழபாடி முதலிய ஊர்ப்பெயர்களை மக்கள் பேசும் ஒலியிலேயே தொகுத்து வட்டந்தோறும் பட்டியல் அமைப்பின், பதிவேட்டின் பிரெஞ்சு எழுத்துகளோடு அவற்றை ஒப்பிடுதல் எளிதாகும். முதுகலை மாணவர்க்கு இஃது ஏற்ற பணி.

இப்பணி வெறும் சொல்லாய்வு அன்று. குவாதலூப்பிற் பிறந்த ஆன்றி சிதாம்பரோம் (1863–1952) இந்தியர் வழித்தோன்றல்களுக்குக் குடியுரிமையும் வாக்குரிமையும் வேண்டி 1904-இல் தொடங்கிய வழக்காட்டம் 1923-இல் வெற்றி பெற்றது. யார் மகன், எங்குப் பிறந்தான் என்னும் வினாக்களுக்கு ஏடே விடைகூற வேண்டியிருந்த காலம் அது. அவர் குடும்பப்பெயரோ தமிழில் ஓர் ஆளுக்கும் தில்லைக்கும் உரிய பெயர். தாய்மொழியை இழந்த குடும்பங்கள் பலவற்றில், முதற்கண் கப்பலேறியவரின் பெயரே குடும்பப்பெயராக நிலைத்துவிட்டது. அவர்தம் வழியினர் முன்னோர் ஊரைத் தேடி வினவுங்கால், விடை கூறுதற்கு வேண்டுவன பிரெஞ்சு எழுத்தறிவும் தமிழ்ப் பேச்சொலி அறிவும் ஆகிய இரண்டுமாம்.

முடிவுரை

நிலப்படம் இடத்தைக் காட்டும். நிழற்படம் உருவைக் காட்டும். பதிவேடு ஆளைக் காட்டும். மூன்றனையும் ஒருங்கு வைத்து நோக்கினாலன்றிச் சேன் பியேரில் இறங்கிய தமிழர் வரலாறு முழுமை பெறாது. கல்வெட்டில் மழுங்கிய எழுத்தைப் படித்துப் பழகிய நம் துறையார்க்கு, அயல் எழுத்தில் மறைந்து நிற்கும் தமிழ்ப்பெயரைப் படித்தலும் இயல்வதே. அப்பெயர்களை வட்டவாரியாகத் தொகுத்தலை முதற்பணியாகக் கொள்ளலாம்.