மறுகால் பாயும் கட்டளைகள்



மருமக்களே, மழைக்காலத்தில் காலையில் பேப்பர் வந்ததும் நம்ம ஊர்ப் பெரியவர்கள் முதலில் எதைத் தேடுவார்கள்? அணை நீர்மட்டத்தைத்தான். பாபநாசம் எத்தனை அடி, மணிமுத்தாறு எத்தனை அடி? அதைப் பார்த்த பிறகுதான் காப்பி டம்ளரையே கையில் எடுப்பார்கள். பிசான நெல்லுக்குத் தண்ணீர் கிடைக்குமா என்ற கவலை அவர்களுக்கு.

இன்று அந்த அணைகளைக் கணினிக்குள் கொண்டுபோகப் போகிறோம். மவுஸ் வேண்டாம், படங்களும் வேண்டாம். ஒரு கறுப்புத் திரை போதும். அதில் நாம் ஒரு வரி எழுதினால் கணினி பதில் சொல்லும். இதற்குக் கட்டளை வரி என்று பெயர்.

"அந்தப் பக்கம் கேட்பது யார், மாமா?" அப்படிக் கேளுங்க, சபாஷ்!

ஒரு தேங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே சிரட்டை, உள்ளே பருப்பு. கணினியின் உண்மையான வேலையைப் பார்க்கிற உள்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். அதைச் சுற்றி நின்று, நாம் சொல்வதை வாங்கி உள்ளே கொடுப்பது ஷெல். அதுதான் நம்ம சிரட்டை.

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கியது, இப்படிக் கெர்னலும் ஷெல்லும் கொண்ட யூனிக்ஸ் இயங்குதளம். அதே வழியில் 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் எழுதியது லினக்ஸ். சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் என்பதும் லினக்ஸ் வகைதான். அவ்வளவு ஏன், அம்மாவின் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் லினக்ஸ் கெர்னல்தான் இருக்கிறது!

சரி, வேலையைத் தொடங்குவோமா? 'அணைகள்' என்று ஒரு கோப்பு. அதில் ஐந்து அணைகளின் முழு உயரத்தை அடிக்கணக்கில் எழுதுகிறோம்.

143 பாபநாசம்
156 சேர்வலாறு
118 மணிமுத்தாறு
85 கடனா
84 ராமநதி

இதை வரிசைப்படுத்த 'சார்ட்' என்று ஓர் ஆங்கிலக் கட்டளை உண்டு. 'சார்ட் அணைகள்' என்று தட்டினால் என்ன வரும்? 84 முதலில் வரும் என்றுதானே நினைக்கிறீர்கள்? வராது! 118, 143, 156, 84, 85 என்று வரும்.

கணினிக்குக் கணக்கு தெரியாதா? தெரியும். ஆனால் இது எண் என்று நாம் சொல்லவில்லையே! அது அகராதி பார்ப்பதுபோலப் பார்த்தது. அகராதியில் 'அரண்மனை' எவ்வளவு நீளமாக இருந்தாலும் 'ஆடு' என்பதற்கு முன்னால்தானே வரும்? அதேபோல 1-இல் தொடங்குவதெல்லாம் 8-இல் தொடங்குவதற்கு முன்னால் வந்துவிட்டது.

சார்ட் என்பதற்குப் பக்கத்தில் ஒரு சிறு கோடும் 'என்' என்ற ஆங்கில எழுத்தும் சேருங்கள். 'எண்ணாகப் பார்' என்று அர்த்தம். இப்போது 84 முதலில், 156 கடைசியில். புரிந்ததா? கணினி நம் மனதைப் படிக்காது. நாம் எழுதியதை மட்டும்தான் படிக்கும்.

அடுத்த கேள்வி. உயரமான அணையை மட்டும் காட்ட முடியுமா? முடியும். 'டெயில்' என்று ஒரு கட்டளை. டெயில் என்றால் வால். வாலிலிருந்து ஒரு வரி போதும் என்று சொன்னால் கடைசி வரியை மட்டும் கொடுக்கும். ஆனால் சார்ட் வரிசைப்படுத்தியது டெயிலுக்கு எப்படிப் போய்ச் சேரும்?

இங்கேதான் நம்ம ஊர்க் குளம் உதவிக்கு வருகிறது. பாளையங்கால்வாயில் தண்ணீர் வந்து ஒரு குளம் நிறைகிறது. நிறைந்ததும் என்ன ஆகும்? மறுகால் பாயும்! வழியும் அந்தத் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும். அதுவும் நிறைந்தால் அதற்கடுத்த குளத்துக்கு. நாங்குநேரிப் பக்கம் மறுகால்குறிச்சி என்று ஓர் ஊரே இருக்கிறதே!

இரண்டு கட்டளைகளுக்கு நடுவில் ஒரு நெட்டுக்கோடு போட்டால் அதுதான் மறுகால். இடது பக்கக் கட்டளையிலிருந்து வழிவது வலது பக்கக் கட்டளைக்குள் பாயும். 'என்' சேர்த்த சார்ட், நெட்டுக்கோடு, ஒரு வரி மட்டும் கேட்கும் டெயில். பதில்: 156 சேர்வலாறு. இந்த நெட்டுக்கோட்டுக்குப் பைப் என்று பெயர்.

டக் மெக்கில்ராய் என்ற அறிஞர், தோட்டத்து ரப்பர் குழாய்களை ஒன்றோடொன்று மாட்டுவதுபோல நிரல்களையும் மாட்ட வேண்டும் என்று 1964-லேயே எழுதிவைத்தார். 1973-இல் கென் தாம்சன் அதை யூனிக்ஸில் ஒரே இரவில் செய்து முடித்தார். அவர்கள் குழாயைப் பார்த்தார்கள், நாம் குளத்தைப் பார்க்கிறோம். விஷயம் ஒன்றுதான்: ஒவ்வொரு கட்டளையும் ஒரு சிறு வேலையைச் செய்யட்டும், மிச்சத்தை அடுத்தது பார்த்துக்கொள்ளும்.

"தினமும் இவ்வளவையும் தட்ட வேண்டுமா, மாமா?" வேண்டாம். அந்த வரியை 'பெரியது' என்ற ஒரு கோப்பில் எழுதிவைத்துவிடுங்கள். கடைக்குப் போகும்போது அம்மா சீட்டு எழுதித் தருவாரே, அதுபோல. இதற்கு ஷெல் ஸ்கிரிப்ட் என்று பெயர்.

முதல் தடவை அதை ஓடச் சொன்னால் 'அனுமதி இல்லை' என்று கணினி மறுக்கும். பயப்படாதீர்கள். பள்ளிக்கூட மணியை எல்லோரும் அடிக்க முடியுமா? அதற்கென்று ஒருவர் இருக்கிறார் அல்லவா? அதுபோல, இது ஓடக்கூடிய கோப்பு என்று ஒரு தடவை அனுமதி கொடுக்க வேண்டும். 'சிஎச்மோட்' என்ற கட்டளை அதைச் செய்யும். அதன்பின் கோப்பின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் ஒரு சாய்கோடும் போட்டு அழையுங்கள். 'இங்கேயே இருக்கிற கோப்பு' என்று அர்த்தம். ஓடும்!

கோப்பில் தமிழில் எழுதியது கணினிக்கு எப்படிப் புரிந்தது என்று யாராவது யோசித்தீர்களா? யோசித்தவருக்கு ஒரு மாம்பழம். உலக மொழிகளின் எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையை 1992-இல் வகுத்தவர்களில் ஒருவர் அதே கென் தாம்சன். இன்னொருவர் ராப் பைக். உணவகத்தில் தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில்தான் முதலில் எழுதிப் பார்த்தார்களாம்!

ஒரே ஓர் எச்சரிக்கை. 'ஆர், எம்' என்ற இரண்டெழுத்துக் கட்டளை கோப்பை அழிக்கும். அதற்குக் குப்பைத்தொட்டி கிடையாது. வெள்ளத்தின்போது குறுக்குத்துறையில் ஆற்றில் போட்ட மாங்காய் திரும்பி வருமா? புன்னைக்காயல் கடலில்தான் போய்ச் சேரும். அதனால் எண்டர் தட்டுமுன் எழுதியதை ஒருமுறை படியுங்கள்.

இனி உங்கள் வேலை. நாளைக் காலைப் பேப்பரைப் பார்த்து, முழு உயரத்துக்குப் பதிலாக அன்றைய நீர்மட்டத்தைக் கோப்பில் எழுதுங்கள். பிறகு 'பெரியது' ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். எண்கள் தினமும் மாறும். நீங்கள் எழுதிய அந்த ஒற்றை வரியை மாற்றவே வேண்டியிருக்காது.