காதால் போட்ட கியர்

மலையேறும் சாலையில் வலது கை கைப்பிடியை விட்டுக் கீழே இறங்கும். முழங்காலுக்குப் பக்கத்தில், ஃபிரேமின் சாய்ந்த கீழ்க்குழாயில், சுட்டுவிரல் நீளத்துக்கு ஒரு சின்ன லீவர் இருக்கும். பெடலில் அழுத்தத்தைச் சற்றுத் தளர்த்திவிட்டு அதைப் பின்னால் இழுக்க வேண்டும். செயின் பெரிய பல்சக்கரத்தின் மேல் ஏற முயன்று கரகரக்கும். இன்னும் கொஞ்சம் இழுத்தால் சட்டென்று ஏறிவிடும். ஆனால் கரகரப்பு நிற்காது. தேவைக்கு மேல் இழுத்திருப்போம். மயிரிழை அளவு முன்னால் தள்ளினால் சத்தம் அடங்கும். சத்தம் அடங்கினால் கியர் விழுந்துவிட்டது என்று பொருள். எத்தனையாவது கியர் என்று காட்ட எண்ணும் கிடையாது, கோடும் கிடையாது. 1980களின் நடுப்பகுதி வரை ஐரோப்பியப் பந்தயங்களில் வென்றவர்களும் தோற்றவர்களும் கியரைக் காதால்தான் போட்டார்கள்.

இன்று கை எங்கும் இறங்குவதில்லை. பிரேக் லீவரையே விரலால் உள்பக்கம் தள்ளினால் ‘டிக்’ என்று ஒரு பல்சக்கரம் ஏறும். அதன் முதுகில் ஒட்டியிருக்கும் குட்டி லீவரைத் தட்டினால் ஒன்று இறங்கும். பிரேக்கும் கியரும் ஒரே பிடியில் வந்துவிட்டன. ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 1990இல் தன் உயர்ந்த வரிசையான டூரா-ஏஸில் இதைக் கொண்டுவந்து எஸ்டிஐ என்று பெயரிட்டது. இத்தாலியின் காம்பன்யோலோ 1992இல் எர்கோபவர் என்ற தன் வடிவத்தை வெளியிட்டது. அதில் இறக்குகிற விசை கட்டைவிரலுக்கு. சில ஆண்டுகளுக்குள் பந்தயக் கூட்டம் முழுதும் மாறிவிட்டது.

என் வீட்டில் இருக்கும் சைக்கிள் இந்த மாற்றத்துக்குச் சற்று முந்தியது. 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒரு சிறு பட்டறையில் செய்யப்பட்ட எஃகு ஃபிரேம். சீட்டுக் குழாயில் ‘ரெனால்ட்ஸ் 531’ என்ற ஒட்டுத்தாள் பாதி உரிந்து நிற்கிறது. பர்மிங்காமில் 1935இல் அறிமுகமான மாங்கனீஸ்-மாலிப்டினம் எஃகுக் குழாய் அது. குழாய்கள் சந்திக்கும் இடங்களில் லக் என்னும் உறைகளை மாட்டி, இடுக்கில் உலோகத்தை உருக்கி ஓடவிட்டுப் பற்றவைத்திருக்கிறார்கள். லக்கின் ஓரங்களை யாரோ ஒருவர் பொறுமையாக அரம் போட்டு, வேல்முனை போலக் கூராக்கியிருக்கிறார். 40 ஆண்டுகள் கடந்தும் ஒரு கீறல் இல்லை. இதைச் சுவரில் மாட்டி அழகு பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஓட்டத்தான் வேண்டும். ஆனால் முன்னால் 52, 42 பல், பின்னால் அதிகபட்சம் 24 பல் என்ற அந்தக் காலத்துக் கணக்கை என் முழங்கால்கள் இப்போது ஏற்பதில்லை. ஏற்றத்தில் கையை எடுத்தால் வண்டி தடுமாறுகிறது. அதனால்தான் புதிய பாகங்களைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன்.

லீவர் ஏன் குழாயில் இருந்தது என்பதற்கு நல்ல காரணம் உண்டு. அங்கிருந்து பின்சக்கரத்துக்குக் கம்பி போகும் தூரம் குறைவு; வளைவும் உராய்வும் குறைவு, எடையும் குறைவு. அதற்கு முந்தைய கதை இன்னும் கடினமானது. டூர் டி பிரான்ஸை உருவாக்கிய ஆன்றி தெக்ரான்ஜ் கியர் மாற்றும் கருவியைத் தன் பந்தயத்தில் நெடுங்காலம் அனுமதிக்கவில்லை; 1937இல்தான் அது உள்ளே வந்தது. அதுவரை வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, நட்டைத் தளர்த்தி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினார்கள். ஹப்பின் இரு பக்கமும் வேறு வேறு பல்சக்கரம் இருக்கும். பிறகு 1940களில் காம்பன்யோலோவின் ‘காம்பியோ கோர்சா’ வந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே கையைப் பின்னால் நீட்டி, ஒரு கம்பியால் சக்கரத்தின் பிடியைத் தளர்த்தி, இன்னொரு கம்பியால் செயினைத் தள்ளி, பெடலைப் பின்பக்கமாகச் சுற்ற வேண்டும். பார்த்தாலே நெஞ்சு பதறும். 1950களின் தொடக்கத்தில் அதே நிறுவனத்தின் ‘கிரான் ஸ்போர்ட்’ சந்தைக்கு வந்தபோது, கீழ்க்குழாய் லீவரும் கம்பியும் இணைகர வடிவில் அசைந்து செயினை நகர்த்தும் டிரெய்லியரும் சேர்ந்த அமைப்பு நிலைபெற்றது. அடுத்த 40 ஆண்டுகள் ஐரோப்பியர் அதை மெருகேற்றினார்களே தவிர, மாற்றவில்லை.

மாற்றியவர்கள் ஜப்பானியர். சன்டூர் நிறுவனம் 1964இல் டிரெய்லியரின் இணைகரத்தைச் சாய்த்து வைத்தது. அதனால் செயினைத் தாங்கும் குட்டிச் சக்கரம் ஒவ்வொரு பல்சக்கரத்துக்கும் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் நின்றது. அந்தக் காப்புரிமை 1984இல் முடிந்தது. அதே காலத்தில்தான் ஷிமானோ, லீவருக்குள் பள்ளங்கள் வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு கியர் என்ற எஸ்ஐஎஸ் முறையைக் கொண்டுவந்தது. லீவர் அப்போதும் குழாயில்தான் இருந்தது. ஆனால் காதின் வேலை முடிந்துவிட்டது. ஆறு ஆண்டு கழித்து லீவரும் இடம் மாறியது.

இந்த இடமாற்றம் பந்தயத்தையே மாற்றியது. முன்பு எதிராளியின் கை குழாயை நோக்கி இறங்கினால் அவன் பாயப் போகிறான் என்று பக்கத்தில் வருபவருக்குத் தெரிந்துவிடும். எழுந்து நின்று மிதித்தபடி கியர் மாற்றுவதும் எளிதல்ல. உட்கார வேண்டும், கையை எடுக்க வேண்டும், அதற்குள் ஆள் போய்விடுவார். இப்போது இரண்டு கையும் பிடியில் இருக்க, நின்றபடியே கியர் போட்டுத் தாக்கலாம். யாருக்கும் முன்னறிவிப்பு கிடைக்காது. போக்குவரத்து நெரிசலில் ஓட்டும் சாதாரண மனிதருக்கு இதன் நன்மை இன்னும் பெரிது. பிரேக்கில் விரலை வைத்தபடியே கியரை இறக்கலாம். அந்தக் காலத்தை எவ்வளவு நேசித்தாலும் இதை நான் மறுக்க மாட்டேன்.

சரி, பழைய ஃபிரேமில் இதை எப்படி ஏற்றுவது? முதல் தடை, பின்சக்கரம் உட்காரும் பின்கவையின் அகலம். பின்னால் 5 பல்சக்கரம் இருந்த காலத்தில் ஹப்பின் அகலம் 120 மில்லிமீட்டர். 6, 7 ஆனபோது 126. 8 வந்தபோது 130. ரிம் பிரேக் வண்டிகளில் 11 வரை அதே 130தான். என் ஃபிரேம் 126. நான்கு மில்லிமீட்டர்தானே என்று கவையைக் கையால் விரித்துப் புதுச் சக்கரத்தைத் திணிப்பவர்கள் உண்டு. நானும் முதலில் அதைத்தான் செய்தேன். சக்கரம் உட்கார்ந்தது. ஆனால் கவையின் இரு முகங்களும் இணையாக இல்லாமல் சாய்ந்து நின்று ஆக்சிலை வளைக்கப் பார்த்தன. டயர் பஞ்சரானபோது சக்கரத்தை மாட்ட மூன்றாவது கை தேவைப்பட்டது.

முறையான வழி, சூடு காட்டாமல் எஃகை வளைத்து நிரந்தரமாக விரிப்பது. மரை போட்ட நீளக் கம்பியைக் கவையின் குறுக்கே கொடுத்து, நட்டும் வாஷரும் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விரிக்க வேண்டும். எஃகுக்குத் திரும்பி வரும் குணம் உண்டு. 130 வேண்டுமென்றால் 130இல் நிறுத்தக் கூடாது. அதைத் தாண்டி வெகுதூரம் விரித்து, தளர்த்தி, அளந்து, மறுபடியும் விரிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம்தான் விட்டுக்கொடுக்கும். இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது: இரண்டு பக்கமும் ஒரே அளவு விரியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இளகிய பக்கம் மட்டும் விரிந்துவிடும்.

அதைக் கண்டுபிடிக்க நூல் போதும். கவையின் ஒரு முனையில் நூலைக் கட்டி, முன்னால் தலைக்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுமுனையில் இறுக்கிக் கட்ட வேண்டும். பிறகு நூலுக்கும் சீட்டுக் குழாய்க்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளக்க வேண்டும். சுவர் எழுப்பும் கொத்தனார் நூல் பிடிப்பதும் இதுவும் ஒன்றுதான். எனக்கு இடது பக்கம் மூன்று மில்லிமீட்டரும் வலது பக்கம் ஒன்றும் நகர்ந்திருந்தன. ஃபிரேமைத் தரையில் கிடத்தி, ஒவ்வொரு பக்கமாகக் கையால் நெம்பிச் சரிசெய்ய ஒரு மாலைப் பொழுது போனது. பிறகு, கவை முகங்களை இணையாக்கும் கருவி வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். எஃகு இத்தனைக்கும் இசைந்தது. அலுமினிய ஃபிரேமிலும் கார்பன் ஃபிரேமிலும் இதை நினைக்கவே கூடாது, உடைந்துவிடும். வெப்பப்பதம் செய்த மெல்லிய ரெனால்ட்ஸ் 753 குழாயையும் வளைக்காமல் விடுவதே நல்லது.

பெடல் அச்சு சுழலும் கூட்டில் எனக்கு எந்தச் சிக்கலும் வரவில்லை. அதன் மரைக்குப் பெயர் பிஎஸ்ஏ. ஆமாம், நம் ஊர்த் தெருக்களில் ஓடிய பிஎஸ்ஏ எஸ்எல்ஆரின் அதே பிஎஸ்ஏ. பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்ற துப்பாக்கித் தொழிற்சாலையின் பெயர். 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. வலது பக்கம் மட்டும் எதிர்மரை. மிதிக்கும் விசையில் தானாகக் கழன்றுவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. இத்தாலிய ஃபிரேம்களில் இரு பக்கமும் நேர்மரை என்பதால் வலது கப் அவ்வப்போது தளரும். இன்று விற்கும் நவீன கிராங்கின் பேரிங் கப்கள் பிஎஸ்ஏ மரையிலும் கிடைக்கின்றன. என் 40 வயது ஃபிரேமில் நேற்று வந்த கிராங்கை நேராகத் திருகிவிடலாம்.

அந்த பிஎஸ்ஏ சைக்கிளைச் செய்த சென்னைத் தொழிற்சாலையும் இந்தக் கதைக்குள்தான் இருக்கிறது. பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் முருகப்பா குழுமமும் சேர்ந்து 1949இல் தொடங்கியதே அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ். ரெனால்ட்ஸ் குழாய் அந்தப் பிரிட்டிஷ் நிறுவனத்தின் கீழ் இருந்தது. 1960இல் ராலே சைக்கிள் நிறுவனமும் அதன் கைக்கு வந்தது. 1980இல் யோப் ஸூட்டமெல்க் டூர் டி பிரான்ஸை வென்றது டிஐ-ராலே அணிக்காக. அவர் சட்டையில் இருந்த ‘டிஐ’யும் அம்பத்தூர்த் தொழிற்சாலையின் பெயரில் இருந்த ‘டிஐ’யும் ஒன்றுதான்.

பிரேக்கில்தான் பலர் அவசரப்பட்டு ஃபிரேமைக் கெடுக்கிறார்கள். பழைய பிரேக் வெளியே தெரியும் நட்டால் இறுகும். புதியதற்கு உள்ளே புதையும் நட்டு. அதற்குத் துளையைப் பெரிதாக்க வேண்டும். டிரில்லை எடுத்துவிடுகிறார்கள். வேண்டாம். பழைய மாதிரி நட்டோடு புதிய பிரேக்குகள் தேடினால் கிடைக்கும். 27 அங்குலச் சக்கரத்தை எடுத்துவிட்டு இன்றைய 700சி சக்கரம் போட்டால் ரிம் 4 மில்லிமீட்டர் கீழே போய்விடும்; அவ்வளவு தூரம் எட்டும் பிரேக்காகப் பார்த்து வாங்க வேண்டும். இன்னொன்று: அண்மைக்காலத்து லீவர்கள் பிரேக் கம்பியை முன்பைவிட அதிகம் இழுக்கின்றன. அவற்றைப் பழைய பிரேக்கோடு சேர்த்தால் பிடிமானம் குறையும். லீவரும் பிரேக்கும் ஒரே தலைமுறையாக இருக்கட்டும். நான் 9 கியர்க் காலத்து லீவரையும் அதே காலத்துப் பிரேக்கையும் எடுத்தேன். 28 பல் வரை போகும் பல்சக்கரத் தொகுதி பின்னால் ஏறியது.

எனக்கு மிகவும் பிடித்த பாகம் ஒரு விரல்நுனி அளவே இருக்கும். கீழ்க்குழாயில் லீவர் உட்கார்ந்திருந்த அதே புடைப்பில் லீவரைக் கழற்றிவிட்டு, கம்பியின் உறை முட்டி நிற்க ஒரு சிறிய தாங்கியைத் திருகினால் போதும். கைப்பிடியிலிருந்து வரும் கம்பி அங்கே வந்து, பழைய தடத்திலேயே பின்னால் போகும். ஒற்றைத் திருகில் 1982 போய் 2002 வந்துவிடுகிறது. உறை மட்டும் கியருக்கென்று நீளவாட்டில் கம்பி வைத்த வகையாக இருக்க வேண்டும். பிரேக்கின் சுருள் உறையைப் போட்டால் அது அமுங்கி, ‘டிக்’ ஒன்று சொல்ல, செயின் வேறொன்று செய்யும்.

கம்பியே வேண்டாம் என்ற காலமும் வந்துவிட்டது. ஸ்ராம் நிறுவனம் 2015இல் அறிமுகப்படுத்திய கம்பியில்லா இடேப், புடைப்போ தாங்கியோ எதுவும் இல்லாத 1950களின் ஃபிரேமிலும் உட்காரும். கம்பிக்காகப் பழைய ஃபிரேமை ஒரு மில்லிமீட்டர்கூடச் சீண்டாத ஷிஃப்டர் அது என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. விலை என் எட்டுக்கு வெளியே; ஊருக்குப் போகுமுன் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றவும் வேண்டும்.

இதையெல்லாம் குற்றம் என்று சொல்பவர்களை நான் மதிக்கிறேன். இத்தாலியின் கியாந்தி மலைப் பகுதியில், கயோலே என்ற சிற்றூரில் 1997இல் தொடங்கிய லெரோயிக்கா ஓட்டத்தில் என் சைக்கிள் இன்றைய கோலத்தில் போக முடியாது. 1987க்கு முந்தைய வண்டி, கீழ்க்குழாயில் லீவர், கைப்பிடிக்கு மேல் வளைந்து தெரியும் பிரேக் கம்பி, பெடலில் கால்வார் என்று அங்கே விதி. அந்த வெள்ளை மண்சாலை ஓட்டம் இல்லையென்றால் எத்தனையோ பழைய பாகங்கள் காயலான் கடைக்குப் போயிருக்கும். நான் கடைப்பிடிப்பது ஒன்றே: கழற்றிய எதையும் தூக்கிப் போடுவதில்லை, ஃபிரேமில் அரமோ டிரில்லோ படுவதில்லை. வலது லீவர், பிரீவீல், பழைய சக்கரம், பிரேக் எல்லாம் எண்ணெய்த் துணி சுற்றி ஒரு பெட்டியில் இருக்கின்றன. விரித்த கவையையும் வேண்டுமானால் 126க்கே திரும்ப வளைக்கலாம்.

இடது லீவரை மட்டும் பெட்டியில் போடவில்லை. பழைய கிராங்கையே வைத்துக்கொண்டதால் அதன் இரண்டு பல்வட்டங்களுக்கும் நடுவிலான இடைவெளி இன்றைய மெல்லிய செயினுக்குச் சற்று அதிகம். செயின் இடையில் விழுந்து தவிக்காமல் இருக்க, கணக்கு வைத்த ‘டிக்’கைவிட விரலின் பக்குவம் நன்றாக உதவுகிறது. எடை குறைக்க 1990களிலும் அதன் பிறகும் சில முன்னணி வீரர்கள் மலைக் கட்டங்களில் இடது லீவரைக் குழாயிலேயே வைத்திருந்தார்கள்; லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் சைக்கிளிலும் அது இருந்தது. எனவே என் கைப்பிடியின் இடது பக்கத்தில் இருப்பது வெறும் பிரேக்.

ஏற்றம் தொடங்கும் இடத்தில் வலது கை மேலேயே இருந்து பிரேக் லீவரை இரண்டு தரம் உள்பக்கம் தள்ளுகிறது. இடது கை பழைய வழக்கப்படி கீழே இறங்கி லீவரை முன்னால் தள்ளுகிறது. 52லிருந்து செயின் 42க்கு விழுந்து, டிரெய்லியரின் தகட்டில் உரசிக் கரகரக்கிறது. கொஞ்சம் பின்னால் இழுக்கிறேன். சத்தம் நின்றுவிட்டது.