மின்கிட்டாரும் சால்டரிங் கோலும்

நுண்ணிய கருவிக்கு மெல்லிய சூடே தக்கதெனக் கருதுதல் எவர்க்கும் இயல்பு. யாமும் அங்ஙனமே கருதி ஒரு பிழை செய்தோம். எம் விடுதி நண்பரொருவர் தம் தமையனாரிடம் இரவலாகப் பெற்றிருந்த மின்கிட்டார், கல்லூரி விழாவிற்கு இரண்டு நாள் முன்னர், தந்தியைத் தொட்டாலும் அடங்காத இரைச்சல் இடலாயிற்று. திறந்து நோக்கினோம், ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் திருகுறுப்பின் முதுகினின்று ஒரு கம்பி பெயர்ந்திருந்தது. ஊசிபோற் கூரிய நுனியுடைய 25 வாட் சால்டரிங் கோல் ஒன்றை எடுத்து அதனைப் பற்றவைக்கப் புகுந்தோம். இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தும் ஈயம் படியவில்லை. கம்பியின் உறை உருகிற்று. திருகுறுப்போ திருப்புந்தோறும் கரகரக்கத் தொடங்கிற்று. இரவற்பொருளைக் கெடுத்தோமே என்னும் நாணமே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

முதற்கண் மின்கிட்டாரின் உள்ளமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். 1954-ஆம் ஆண்டில் வெளிவந்த பெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரை எடுத்துக்கொள்வோம். அதன் தந்திகளின்கீழ், காந்தத்தின்மேல் மயிரனைய செப்புக்கம்பியைப் பல்லாயிரம் முறை சுற்றிய பிக்கப்புகள் மூன்று உள்ளன. தந்தி அதிர, அச்சுருளிற் சிறு மின்னோட்டம் பிறக்கின்றது. அது சுவிட்சு ஒன்றையும், பொட்டென்ஷியோமீட்டர் எனப்படும் திருகுறுப்புகளையும் கடந்து, ஜாக் வழியே வெளியேறி ஆம்பிளிபையரை அடைகின்றது. திருகுறுப்புகளில் ஒலியளவிற்கு ஒன்றும் தொனிக்கு இரண்டும் உள.

இங்குள்ள இணைப்புகள் இருவகைப்படும். திருகுறுப்பின் சிறு காதுகளிலும் சுவிட்சின் காதுகளிலும் செய்யப்படுவன ஒருவகை. இவை விரைவிற் சூடேறும். திருகுறுப்பின் உலோக முதுகிலேயே செய்யப்படுவன மற்றொருவகை. வீட்டு மின்சாரத்தின் இரைச்சல் உட்புகாமற் காக்கும் எர்த்துக் கம்பிகள் பலவும் அம்முதுகிலேயே வந்து கூடுகின்றன. காதினும் பன்மடங்கு உலோகமுடைய அம்முதுகு, வந்த வெப்பத்தையெல்லாம் உறிஞ்சிப் பரப்பிவிடும். எம்மை இடர்ப்படுத்தியது இதுவே.

சூட்டின் அளவு வேறு. சூட்டை ஊட்டும் வலிமை வேறு. அகல்விளக்கின் சுடரும் அடுப்பின் சுடரும் கையைச் சுடுவதில் ஒன்றற்கொன்று குறைந்தன அல்ல. ஆயினும் அகலால் அண்டாநீரைக் காய்ச்ச ஒண்ணாது. அதுபோலவே, சிறு சால்டரிங் கோலின் நுனி தனித்திருக்கையில் ஈயத்தை உருக்கப் போதிய சூட்டினும் மிக்க சூட்டுடனிருப்பினும், பரந்த முதுகைத் தொட்டவுடன் குளிர்ந்து போகின்றது. இழந்ததை அது மெல்ல மெல்ல ஈடுசெய்யும் காலமெல்லாம் வெப்பம் உள்ளேறி, திருகுறுப்பினுள் இருக்கும் கரிப்பூச்சையும் மசகையும் கெடுக்கின்றது. வலிய கோலோ மூன்று நான்கு நொடியில் வேலையை முடித்து விலகும். ஆகலின், வலிய கோலே பொருளுக்குக் குறைந்த தீங்கு செய்வது என்னும் உண்மை பெறப்படும்.

இனித் தேர்ந்தெடுக்கும் முறையைக் கூறுவோம். 15 வாட், 25 வாட் கோல்கள் காதுகளுக்குப் போதும், முதுகிற்குப் போதா. 40 முதல் 60 வாட் வரை வலிமையுடையதே இருவகை இணைப்பிற்கும் ஏற்றது. சூட்டைத் தானே ஒரு நிலையில் நிறுத்தும் அமைப்புடையதாயின் மிக நன்று. அதனைச் சுமார் 350 பாகை செல்சியசில் வைத்துக்கொள்ளலாம். நுனி ஊசிபோல் இராது, உளிபோல் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலம் உடையதாதல் வேண்டும். பரப்பு மிகுந்தாலன்றி வெப்பம் பாயாது. இக்காலத்து நுனிகள் செம்பின்மேல் இரும்பு பூசப்பெற்றவை. ஆதலின் அவற்றை அரம் கொண்டு தேய்த்தல் கூடாது. ஈரப்பஞ்சில் துடைத்து, எப்பொழுதும் சிறிது ஈயம் பூசி வைத்தலே முறை.

ஈயமும் தேர்ந்தே கொள்ளத்தக்கது. வெள்ளீயம் 60 பங்கும் காரீயம் 40 பங்கும் கலந்து, நடுவே ரோசின் என்னும் மரப்பிசின் அடைத்த கம்பி எளிதிற் பழகுவது. அது 183 பாகையில் இளகத் தொடங்கி, 190 பாகைக்குள் முற்றும் உருகும். காரீயமற்ற வகை பெரும்பாலும் 217 பாகைக்கு மேலேயே உருகுமாதலின் கூடுதற் சூடு வேண்டும். நீர்க்குழாய் வேலைக்குரிய அமிலப் பசை உலோகத்தை அரிக்குமாதலின் அறவே விலக்கத்தக்கது. சன்னலைத் திறந்து வைத்து வேலைசெய்க; காரீயம் நஞ்சாதலின், முடித்தபின் கைகழுவாமல் உணவைத் தொடற்க.

வேலை தொடங்குமுன் கிட்டாரின் மேனியைத் துணியால் மூடுக. திருகுறுப்பின் முதுகை உப்புத்தாளால் தேய்த்து, முதுகிலும் கம்பியிலும் தனித்தனியே ஈயம் பூசிக்கொண்டு, பின்னரே இரண்டையும் சேர்க்க. ஈயம் இறுகும்வரை கம்பி அசையலாகாது. பழைய திருகுறுப்பொன்றில் முதலிற் பழகிக்கொள்வார்க்கு எம் துன்பம் நேராது.

கெட்ட உறுப்பிற்கு ஈடாக 2,50,000 ஓம் அளவுள்ள புதியதொன்றை வாங்கினோம். ரேடியோ பழுதுபார்க்கும் முதியவரொருவர் தம் 60 வாட் கோலை எம் கையிற் கொடுத்து அருகே நின்றார். நான்கே நொடியில் ஈயம் நீர்போற் படிந்து பளபளத்தது. விழா அதற்குள் முடிந்திருந்தது. எனினும் நடந்ததை மறையாது கூறி, இரைச்சலற்ற கிட்டாரைத் தமையனாரிடம் ஒப்படைத்தோம். அவர் ஒருமுறை மீட்டிப் பார்த்து முறுவலித்தார்.