சர்வீஸ் கணக்கில் காணாமல் போகும் மாதங்கள்

நீலாய், லாபு, ரந்தாவ் வட்டாரங்களில் தோட்டம் வீடமைப்புக்குக் கைமாறி, ஆட்களுக்குப் பணிநிறுத்தத் தொகை கொடுக்கும் நேரத்தில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. தோட்ட ஆபீஸ் எக்செலில், வேலை முடிந்த தேதியின் ஆண்டிலிருந்து சேர்ந்த தேதியின் ஆண்டைக் கழித்து, அதையே சர்வீஸ் என்று எழுதிவிடுகிறார்கள். ‘இயர்’ ஃபார்முலா மாதத்தையும் நாளையும் பார்ப்பதே இல்லை. 1999 ஜனவரி 5இல் சேர்ந்து 2023 டிசம்பர் 28இல் நிறுத்தப்பட்டவருக்கு அது 24 ஆண்டு என்று காட்டும். உண்மையில் 25 ஆண்டு நிறைய ஒரு வாரம்தான் பாக்கி. பணிநிறுத்தத் தொகை பற்றிய 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி, 5 ஆண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். நிறையாத ஆண்டுக்கும் விகிதப்படி, கிட்டிய மாதக் கணக்கில் உண்டு. அப்படியானால் இவருக்குச் சேரவேண்டியது 25 ஆண்டுத் தொகை. சராசரி நாள் சம்பளம் 60 ரிங்கிட் என்றால் 1,200 ரிங்கிட் போய்விட்டது. ‘சிலருக்குக் கூடுதலாகவும் வருமே’ என்று சமாதானம் சொல்வார்கள். வரும்தான், 1998 டிசம்பரில் சேர்ந்து 2023 ஜனவரியில் நின்றவருக்கு ஏறக்குறைய ஓராண்டு கூடும். ஒருவருக்குக் கூடியதால் இன்னொருவருக்குக் குறைந்தது திரும்பி வந்துவிடாது.

கிராணிமார் ‘டேட்டிஃப்’ ஃபார்முலாவைப் பயன்படுத்தி முழு ஆண்டையும் மீதி மாதத்தையும் நாளையும் தனித்தனியே எடுத்து, கிட்டிய மாதத்துக்குக் கொண்டுவர வேண்டும். கடைசி வேலைநாளும் சேர, முடிவுத் தேதியில் ஒரு நாளைக் கூட்ட வேண்டும். எக்செல் கட்டத்தில் தேதி தேதியாகவே இருக்கிறதா என்பதும் முக்கியம். வெறும் 1998 என்று தட்டியிருந்தால் ‘இயர்’ 1905 என்று விடை தரும். அது கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாதது இன்னொன்று: எழுத்தாகக் கிடக்கும் 05/01/1999ஐ மேக்ரோ அமெரிக்க வழக்கப்படி மே 1 என்று படித்துவிடலாம். ஆண்டு மாறாததால் யாருக்கும் சந்தேகம் வராது, நான்கு மாதம் போய்விடும்.

‘கம்ப்யூட்டர் போட்ட கணக்கு’ என்று நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது என்று எழுத்தில் தருவது முதலாளியின் கடமை. வேலை முடிந்த 7 நாளுக்குள் பணமும் தரப்பட வேண்டும். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். சேர்ந்த தேதியை நியமனக் கடிதத்தோடும் பழைய ஈபிஎஃப் ஆண்டறிக்கைகளோடும் ஒத்துப் பாருங்கள். புதிய நிர்வாகம் வந்த நாளையே சேர்ந்த தேதியாகப் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். புதியவரின் கீழ் வேலையை ஏற்றுத் தொடர்ந்தவரின் பழைய சர்வீஸ் அறுபடாது. கணக்கு உதைத்தால், எல்லாவற்றின் நகலோடும் சிரம்பான் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுங்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்கீழ் அங்கேயே விசாரணை நடக்கும். வழக்கறிஞர் வைத்தாக வேண்டியதில்லை. தாமதிக்க வேண்டாம்: பதிவேடுகளை 6 ஆண்டு வைத்திருக்கத்தான் சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்துகிறது. மறுபடியும் சொல்கிறேன், கணக்குத் தாள் கைக்கு வராமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்; போட்டுவிட்டவர்களும் அந்தத் தாளைக் கேட்டு இலாகாவுக்குப் போகலாம்.